சாமந்திக்குக் கிடைத்த இருட்டு

சென்ற ஆடி மாதத் தொடக்கத்தில் இம்மருத்துவமனையின் பின்முற்றத்தில் 24 சாமந்தித் தொட்டிகளை வைத்தோம். நாங்கள் என்றால் செவிலியர் நால்வர், நோயாளிகளுக்குத் துணையிருக்க வந்து மாதக்கணக்கில் இங்கேயே தங்க நேர்ந்த உறவினர் சிலர், தோட்டப் பணியாளர் ஒருவர். ஒரே நாற்றங்காலில் ஒரே நாளில் வாங்கிய நாற்றுகள். ஒரே மண்கலவை, ஒரே வாளித் தண்ணீர். இடம் போதாமையால் 12 தொட்டிகள் சமையற்கூடத்தை ஒட்டிய கிழக்குச் சுவரோரம் அமைந்தன. மற்ற 12 தொட்டிகள் எக்ஸ்ரே அறைக்குச் செல்லும் வழியில், விளக்குக் கம்பத்தின் அடியில் அமைந்தன. கம்பத்தடித் தொட்டிகளே நலமாக வளரும் என்று எண்ணினோம். அங்கே வெயிலும் நன்றாக விழும். போவோர் வருவோர் கண்ணிலும் படும்.

கார்த்திகை பிறந்தபோது சுவரோரச் செடிகள் இலை தெரியாதபடி மஞ்சளாகப் பூத்திருந்தன. கம்பத்தடிச் செடிகளோ முழங்காலுக்கு மேல் உயர்ந்து, கரும்பச்சை இலையோடு, இரண்டொரு மொட்டுக்கு மேல் இல்லாமல் நின்றன. உரம் மிகுந்துவிட்டது என்றார் ஒருவர். கண்பட்டுவிட்டது என்றார் மற்றொருவர். வழியோரம் வைத்தது அதனால்தான் தவறு என்றும் சொன்னார். தோட்டப் பணியாளர் மட்டும் அண்ணாந்து விளக்கைப் பார்த்துவிட்டு, “அதுக்கு ராத்திரியே இல்லீங்களே, எப்படிங்க பூக்கும்?” என்றார்.

அவர் சொன்ன அந்தச் சொல்லே இக்கட்டுரை எழுதக் காரணம். நம் வார்டுகளில் இரவு விளக்குகள் தணிக்கப்பட வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதனைச் சொல்வதற்கு முன், சாமந்தியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். இல்லம் திரும்பிய பின் ஒரு தொட்டியாவது வளர்க்க வேண்டும் என்று எங்களிடம் கேட்டவர்கள் பலர். அவர்களுக்கும் இது பயன்படும்.

சாமந்தி, செவ்வந்தி என்னும் இரு பெயர்களாலும் நாம் வழங்கும் இச்செடி சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் ஒரு பூ என்று கிள்ளிச் சூடுவது உண்மையில் பல சிறு பூக்கள் ஒரே தட்டில் கூடி அமர்ந்த பூங்கொத்து. ஓரத்தில் இதழ்போல் நீண்டிருப்பவை ஒருவகைச் சிறுபூக்கள். நடுவில் குழல்போல் நெருங்கியிருப்பவை மற்றொரு வகை. ஒரு பூவை மெல்லப் பிரித்துப் பார்த்தால் படுக்கையில் இருக்கும் குழந்தைகளுக்கு அரைமணி நேரம் போவதே தெரியாது. சீனத்தில் நெடுங்காலமாகப் போற்றி வளர்க்கப்பட்டு, அங்கிருந்து சப்பான் சென்று அந்நாட்டு அரச குடும்பத்தின் முத்திரையாகவே ஆன மலர் இது. நம்மிடத்திலும் அதற்குப் பெருமை குறைவில்லை: திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் உறையும் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றும் பெயர் உண்டு. இன்று கிருட்டிணகிரி, தருமபுரி, சேலம், திண்டுக்கல் மாவட்டங்களின் வயல்களிலிருந்து மூட்டை மூட்டையாக உதிரிப்பூவாகச் சந்தைக்கு வருகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, மதுரை 1 ஆகியவை மஞ்சள் பூக்கும் இரகங்கள். கோ 2 ஊதா நிறம்.

வளர்ப்பு முறை எளியது. பொறுமை மட்டும் வேண்டும். விதைக்க வேண்டியதில்லை. பூத்து முடிந்த தாய்ச் செடியின் அடியில் முளைக்கும் பக்கக் கன்றுகளை வேரோடு பிரித்து நடலாம். அல்லது இளந்தண்டின் நுனியை ஒரு விரல் நீளத்திற்கு வெட்டி, அடி இலைகளை நீக்கி, ஈர மணலிலோ தென்னை நார்க்கழிவிலோ ஊன்றி நிழலில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர்விடும். நடுவதற்கு உரிய காலம் ஆனியும் ஆடியும். ஓரடி வாய் அகன்ற தொட்டிக்கு ஒரு செடி போதும். செம்மண், மணல், நன்கு மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பி, அடியிலுள்ள துளை அடைபடாமல் ஓட்டுச்சில் ஒன்றை வைக்க வேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணிநேர வெயிலாவது வேண்டும். தண்ணீர் ஊற்றுவதில்தான் பெரும்பாலோர் பிழை செய்கிறோம். மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் வேரடியில் ஊற்ற வேண்டும். இலை நனைய ஊற்றினால் புள்ளி நோய் வரும். தேங்கினால் வேர் அழுகும். நாங்கள் அன்பின் மிகுதியால் ஒரு செடியை இப்படியே அழுகவிட்டோம். மூவர் தனித்தனியே தண்ணீர் ஊற்றியது பிறகுதான் தெரியவந்தது. நோயாளிக்கு மூன்று உறவினர் மூன்று முறை சோறூட்டிய நிகழ்ச்சி ஒன்றும் எங்களுக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அது வேறு கதை.

நட்ட நான்காம் வாரத்தில் நுனியைக் கிள்ள வேண்டும். இதனைச் செய்யப் புதியவர்களுக்கு மனம் வராது. நன்றாக வளரும் செடியின் தலையை ஏன் கிள்ள வேண்டும் என்று தயங்குவார்கள். கிள்ளாவிட்டால் ஒற்றைத் தண்டாக உயர்ந்து சாய்ந்துவிடும்; கிள்ளினால் பக்கக் கிளைகள் பல வெடித்து, செடி குடைபோல் விரிந்து, கிளைதோறும் பூக்கும். இளந்தளிரில் அசுவினி கூட்டமாக வந்து மொய்க்கும். வேப்பெண்ணெயில் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் அடங்கும். தொட்டி ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் விரலால் துடைத்தெடுப்பதே போதும். பூத்து ஓய்ந்த செடியைப் பிடுங்கி எறியாமல் அடியோடு வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். வயலில் இதனையே மறுதாம்புப் பயிர் என்பார்கள்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். வேதிச்சிகிச்சை பெறுவோரும், உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து உட்கொள்வோரும் மண்ணையும் தொழுவுரத்தையும் தொடக்கூடாது. மண்ணிலுள்ள பூஞ்சை வித்துகள் அவர்களுக்குத் தீங்கு செய்யும். அவர்கள் சன்னல் வழியே பார்த்து, எங்கே கிள்ள வேண்டும் என்று சொல்லட்டும், துணையிருப்பவர் கிள்ளட்டும். இரண்டாவது, பார்த்தீனியச் செடி பட்டுத் தோல் தடித்துப் புண்ணாகும் இயல்பு உடையவர்களுக்குச் சாமந்தியும் ஒவ்வாமல் போகலாம்; இரண்டும் ஒரே குடும்பம். கையுறை அணிந்து தொடங்கி, அரிப்பு வந்தால் விட்டுவிடுவது நல்லது. மூன்றாவது, கடையில் வாங்கிய சாமந்திப் பூவைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டா. சந்தைப் பூ பூச்சிமருந்து பட்டு வருவது. மாலைக்கென்று வளர்த்தது, வாய்க்கென்று வளர்த்ததன்று.

இப்போது விளக்குக் கம்பத்திற்கு வருவோம்.

சாமந்தி குறும்பகல் செடி என்பார்கள். இரவு நீளும்போது மொட்டு வைக்கும். இரவு குறுகியிருக்கும் வரை இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டிருக்கும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகல் 13 மணிநேரத்திற்குச் சற்றே குறைவு. மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ பதினொன்றே கால் மணிநேரம். குளிர் நாடுகளோடு ஒப்பிட்டால் இது சிறு வேறுபாடு. ஆயினும் செடிக்கு அது தெரிகிறது. நாமோ நாட்காட்டியைப் பார்த்துத்தான் மார்கழி என்கிறோம்.

இந்த உண்மை முதலில் தெளிவானது புகையிலைச் செடியில். அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் என்னும் இருவர், கோடையில் பூக்க மறுத்து உயர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை இரகத்தைப் பிற்பகலில் இருட்டறைக்குள் வைத்துப் பகலைக் குறுக்கிப் பார்த்தனர், அது பூத்தது. 1920இல் அந்த ஆய்வை வெளியிட்டனர். செடி அளப்பது பகலையா இரவையா என்ற ஐயம் அதன்பின் எழுந்தது. அதைத் தீர்த்துவைத்தது சாமந்தியின் உறவுக்காரச் செடியே. நம் ஊர்த் தரிசுகளில் ஆடையில் ஒட்டிக்கொள்ளும் முட்காயோடு நிற்கும் மருளூமத்தையை வைத்து ஹாம்னர், பானர் என்னும் அறிஞர்கள் ஆராய்ந்து, 1938இல் விடை கண்டனர்: செடி எண்ணுவது இரவை. அதுவும் இடையறாத இரவை. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கேற்றி அணைத்தாலும் கணக்குக் கலைந்துவிடுகிறது. இரவை இரண்டு துண்டாக்கினால் இரண்டும் சேர்ந்து ஓர் இரவு ஆவதில்லை.

உழவர்கள் இதனைத் தொழிலாக்கிவிட்டார்கள். சப்பானில் ஐச்சி மாநிலத்து அட்சுமி மூவலந்தீவில் சாமந்திக் குடில்களில் இரவெல்லாம் விளக்கு எரியும் காட்சியைக் காண்பதற்கென்றே மக்கள் செல்கிறார்கள். பூப்பதைத் தள்ளிப்போட்டு விலை கிடைக்கும் நாளில் மலரவைக்கும் உத்தி அது. இப்போது கருநாடகத்தின் சிக்கபள்ளாப்பூர் வட்டாரத்திலும் வயல்மேல் வரிசையாகத் தொங்கும் பல்புகளைக் காணலாம். பூ முன்னதாக வேண்டுமென்றால் மாறாகச் செய்வர்: மாலையிலேயே கறுப்புத் துணியால் மூடிக் காலையில் திறப்பர். விளக்கைக் கொண்டே செடியின் காலத்தை நிறுத்தலாம் என்று அறிந்தவர்கள் அவர்கள். நாங்களோ அறியாமலேயே அதைச் செய்துவிட்டோம்.

கம்பத்தடிச் செடிகளின் மறுபுறம் ஆண்கள் பொதுவார்டின் சன்னல். அந்த வார்டில் இரவு முழுவதும் குழல்விளக்குகள் எரிகின்றன. செவிலியர் மேசைக்கு அருகிலுள்ள நான்கு கட்டில்களின் நேர் மேலேயே அவை உள்ளன. அங்கே படுத்திருந்த ஒரு பெரியவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பகலில் நிதானமாகப் பேசுவார். தம் வயலைப் பற்றியும் பேரனைப் பற்றியும் விவரம் பிசகாமல் சொல்வார். மூன்றாம் நாள் இரவிலிருந்து ஊசிக்குழாயைப் பிடுங்கத் தொடங்கினார். எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்டார். மகளைப் பார்த்து “நீ யாரம்மா?” என்றார். அந்த மகள் வராந்தாவில் வந்து அழுததை எங்களில் இருவர் பார்த்தோம். அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, இனித் திரும்பாது என்றே அவர் நம்பியிருந்தார்.

அப்படி நம்பிவிட வேண்டா என்பதை இவ்விடத்தில் எல்லாருக்கும் சொல்லியாக வேண்டும். முதியோருக்கு மருத்துவமனையில் திடீரென்று வரும் இக்குழப்பத்தை மருத்துவர்கள் டெலிரியம் என்பார்கள். தொற்று, உப்புச்சத்துக் குறைவு, சிறுநீர்த் தேக்கம், வலி, சில மருந்துகள் என்று அதற்குக் காரணங்கள் பல. காரணத்தைக் கண்டு நீக்கினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆகவே அது தோன்றிய உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும். வயதானால் அப்படித்தான் என்று இருந்துவிடக் கூடாது. தூக்கம் கெடுவது அதனை வளர்க்கும். பகலையும் இரவையும் பிரித்தறிய முடியாத அறையில் படுத்திருப்பதும் அதனை வளர்க்கும். விளக்கு ஒன்றினால்தான் அப்பெரியவருக்கு அது வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. அவருக்குச் சிறுநீரில் தொற்றும் இருந்தது. ஆனால் தொற்றுக்கு மருந்து கொடுத்தோம். இரவுக்கு என்ன கொடுத்தோம்?

மனிதரிடத்தில் இருட்டு என்ன செய்கிறது என்பது இன்று நன்கு தெரிந்த செய்தி. இரவானதும் மூளையின் நடுவிலுள்ள பினியல் சுரப்பி மெலட்டோனின் என்னும் பொருளைச் சுரக்கிறது. இரவு வந்துவிட்டது என்று உடல் முழுவதற்கும் தெரிவிப்பது அதுவே. ஒளி மிக்க விளக்கின்முன் அச்சுரப்பு அடங்கிவிடுகிறது என்பதை ஆல்ஃபிரட் லூயியும் உடன் பணிபுரிந்தோரும் 1980இல் மனிதரிடம் காட்டினர். அதனினும் மங்கலான ஒளியும் அதனைக் குறைக்கக்கூடும் என்பது பின்னர்த் தெரிந்தது. விழித்திரையில், காண்பதற்கு அன்றி ஒளியின் அளவை அறிவதற்கென்றே தனி அணுக்கள் இருப்பது 2002இல் உறுதியாயிற்று. உடலணுக்களுக்குள் ஓடும் இந்த நாட்கடிகாரத்தின் இயக்கத்தைக் கண்டறிந்தமைக்காக ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூவருக்கு 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

செடிக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அது நமக்குச் சாதகமானது. சாமந்தியின் இரவைக் கலைப்பதில் சிவப்பு ஒளிக்கு வலிமை மிகுதி. செடியின் இலையிலுள்ள நிறமி அதனையே பற்றிக்கொள்ளும். நம் விழித்திரையிலுள்ள அந்தத் தனி அணுக்களோ நீல ஒளிக்கே மிகுதியாக எழுகின்றன. வெண்ணிறக் குழல்விளக்கிலும் கைபேசித் திரையிலும் நீலம் உண்டு. மஞ்சள் கலந்த மங்கல் விளக்கில் அது குறைவு. ஆகவே வார்டை முழு இருட்டாக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தரையை ஒட்டி மங்கிய மஞ்சள் விளக்கு வைத்தால் கழிப்பறைக்கு எழுந்து செல்பவர் தடுக்கி விழமாட்டார். உறங்குபவர் கண்ணிலும் அது படாது.

எதிர்வாதங்களை நாங்கள் அறிவோம்; அவற்றுள் சிலவற்றை எங்களில் சிலரே சொன்னவர்கள். இரவுப்பணிச் செவிலியருக்கு வெளிச்சம் வேண்டும்: சொட்டு மருந்தின் வேகத்தைப் பார்க்க வேண்டும், குழாயில் இரத்தம் ஏறியிருக்கிறதா என்று நோக்க வேண்டும், மருந்துப் புட்டியின் பெயரைப் பிழையறப் படிக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. ஆனால் மேசைமேல் ஒரு விளக்கும், கட்டிலுக்கு ஒரு தலைமாட்டு விளக்கும், கையில் ஒரு டார்ச்சும் இருந்தால் முப்பது கட்டிலுக்கும் விளக்கெரிக்க வேண்டியதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் அவசரப் பிரிவுக்கும் இந்த வேண்டுகோள் அப்படியே பொருந்தாது. அவற்றை மருத்துவர்கள் முடிவு செய்யட்டும். பொருள் களவு போகும் என்ற அச்சம் உண்மையானது. கட்டிலோடு இணைந்த பூட்டுப் பெட்டி இருந்தால் அச்சம் குறையும். விளக்கெரிந்த இரவுகளிலும் கைபேசிகள் களவு போயிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமான எதிர்வாதம் உறவினரிடமிருந்து வருவது. “இருட்டில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் எனக்குத் தெரியாமல் போய்விடுமே” என்றார் ஓர் அம்மையார். கணவரின் மார்பு ஏறி இறங்குவதை இரவெல்லாம் பார்த்துக்கொண்டே அமர்ந்திருந்தவர் அவர். அவருக்கு நாங்கள் விடை சொல்லவில்லை. சொல்லும் துணிவும் எங்களுக்கு இல்லை. அவர் கேட்டது வெளிச்சத்தை மட்டும் அன்று. தாம் கண்ணயரும் நேரத்தில் வேறொருவர் விழித்திருப்பார் என்ற உறுதி அவருக்குக் கிடைக்கவில்லை. இரவில் எத்தனை மணிக்கு ஒருமுறை செவிலியர் வந்து பார்ப்பார் என்பதை மாலையிலேயே உறவினரிடம் சொல்லிவிட வேண்டும் என்று எங்களிலுள்ள செவிலியர் இப்போது முடிவு செய்திருக்கிறார்கள். இதற்குச் செலவு ஏதும் இல்லை.

உறவினராகிய நாம் செய்ய வேண்டியவையும் உண்டு. இரவு பத்து மணிக்குமேல் கட்டிலருகே கைபேசியில் படம் பார்ப்பது வார்டில் வழக்கமாகிவிட்டது. பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவரோடு குடும்பக் கதை பேசுவதும் அப்படியே. நோயாளியைத் தூக்கத்திலிருந்து எழுப்பாமல் இருப்பதே நல்ல பணிவிடையின் முதல் நிபந்தனை என்று ஃபிளாரன்சு நைட்டிங்கேல், செவிலியம் பற்றிய தம் நூலில் எழுதியிருக்கிறார். அந்நூல் வெளிவந்து 160 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. வண்ண மலர்களைக் கண்ட காய்ச்சல் நோயாளிகள் அடைந்த மகிழ்ச்சியையும் அதே நூலில்தான் அவர் குறிப்பிடுகிறார். காலையில் திரையை விலக்கிச் சன்னலைத் திறப்பதும் நம் வேலையே. மருத்துவர் ஒப்புக்கொண்டால் நாற்காலியில் அமர்த்தி அரைமணி நேரம் வெளிச்சத்தில் இருத்தலாம். பகலெல்லாம் திரைக்குப் பின்னால் அரையிருட்டிலும் இரவெல்லாம் வெளிச்சத்திலும் கிடப்பவருக்குச் சீமைச்சாமந்தித் தேநீர் கொடுத்து உறக்கம் வரவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

ஆண்கள் பொதுவார்டில் மட்டும், ஒரு மாத காலத்திற்கு, இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரை மேல்விளக்குகளை அணைத்துப் பார்க்கும்படி நிருவாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். குழல்விளக்குகள் எல்லாவற்றிற்கும் ஒரே சுவிட்சு என்பதால் மின்கம்பியைப் பிரித்து அமைக்க வேண்டியிருக்கும் என்றும், மதிப்பீடு கேட்கப்பட்டிருக்கிறது என்றும் விடை வந்தது. இந்த மடலைப் படிக்கும் நோயாளிகளும் உறவினரும் தங்கள் இரவுகள் எப்படிக் கழிந்தன என்பதை இரண்டு வரியில் எழுதி, வார்டு வாயிலிலுள்ள கருத்துப்பெட்டியில் இட்டால் எங்கள் கோரிக்கைக்கு அது வலுவூட்டும். விளக்கு வேண்டும் என்போரும் எழுத வேண்டும்.

கம்பத்து விளக்கை அணைக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. எந்நேரமும் தள்ளுவண்டிகள் போய்வரும் வழி அது. வெளிச்சம் இருந்தே ஆகவேண்டும். கார்த்திகை நடுவில் அந்த வழியிலிருந்த தொட்டிகளைத்தான் தூக்கிச் சென்று சுவரோரம் நெருக்கி வைத்தோம். தண்ணீர் மிகுந்து அழுகிய ஒன்று போக மீதி 11. இம்மடல் அச்சுக்குப் போகும் இவ்வாரத்தில் அவற்றுள் எட்டுத் தொட்டிகளில் கிளை நுனிதோறும் பட்டாணி அளவில் மொட்டுகள் தென்படுகின்றன. மூன்று இன்னும் இலையாகவே நிற்கின்றன. பெரியவர் தெளிந்து ஊருக்குப் போய்விட்டார். புறப்படும்போது, பூத்து முடிந்த தொட்டி ஒன்றின் அடியிலிருந்து இரண்டு பக்கக் கன்றுகளை ஈரத்துணியில் சுற்றி அவர் மகளிடம் கொடுத்தனுப்பினோம். தெருவிளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து நடும்படி தோட்டப் பணியாளர் அவரிடம் இரண்டு முறை சொன்னார்.